மேசைப் போருக்கு ஒரு மாயக் கோட்டை: அட்டை மாதிரியில் தொடங்கி கடைசிப் பூச்சு வரை

கத்தியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம். மேசைப் போர் விளையாட்டுக்கு உங்களிடம் இருக்கிற காலாட்படை மினியேச்சர்களிலேயே, அதாவது சின்னப் பொம்மை வீரர்களிலேயே, அகலமான பேஸ் (காலடித் தட்டு) உள்ளதை எடுத்து அந்தத் தட்டை அளந்து, அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி எதிரே சுவரில் ஒட்டிவையுங்கள். கோட்டையின் பாதி அளவுகள் அந்த எண்ணிலிருந்துதான் வரப்போகின்றன.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் கோட்டையில் மதில் மேல் நடைபாதை 28 மி.மீ. அப்போது என் வீரர்கள் எல்லாம் 25 மி.மீ. பேஸில் நின்றார்கள், கச்சிதமாக இருந்தது. அடுத்த படையை 32 மி.மீ. பேஸில் வாங்கினேன். மூன்று மாதம் உட்கார்ந்து கல் கல்லாகக் கீறிய மதிலில் ஒருத்தரும் நிற்க முடியவில்லை, ஆட்டத்தின் நடுவில் வில்லாளிகள் ஒவ்வொருவராகக் கீழே குதித்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கோட்டை இப்போது அலமாரியில் அழகாக இருக்கிறது. விளையாட்டுக் கோட்டை என்பது முதலில் ஆட்டக் களம், சிற்பம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எவ்வளவு பெரிய கோட்டை?

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 28 மி.மீ. அளவு (இது வீரனின் உயரம்) மினியேச்சர்களுக்கு, அதாவது ஏறக்குறைய 1:56 விகிதம். இந்த விகிதத்தில் 100 மீட்டர் அகலமுள்ள நிஜக் கோட்டையை அப்படியே சுருக்கினால் கிட்டத்தட்ட 180 செ.மீ. வரும். வழக்கமான 6 அடிக்கு 4 அடி மேசையின் முழு நீளமும் அதற்கே போய்விடும், முற்றுகையிட வந்தவர்கள் தரையில்தான் நிற்க வேண்டும். ஆகவே எல்லோரும் ஏமாற்றுகிறோம். விளையாட்டின் விதிப் புத்தகங்களும் ஏமாற்றுகின்றன. மேசையில் 24 அங்குலம் பாயும் அம்பு இந்த விகிதத்தில் வெறும் 34 மீட்டர்தான் போகிறது. நிஜ நெடுவில்லின் வீச்சுக்கு அது பக்கத்தில்கூட வராது. எனவே உயரத்தையும் அகலத்தையும் மினியேச்சருக்குப் பொருந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் தாராளமாகக் குறைத்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

நான்கு பக்கமும் மதில் எழுப்ப வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். மேசையின் ஒரு மூலையை அடைத்தாற்போல், ட வடிவத்தில் இரண்டு பக்கம் மட்டும் கட்டுங்கள், மற்ற இரண்டு பக்கமும் மேசை விளிம்புதான். நான்கு மதில் துண்டுகள், மூன்று கோபுரங்கள், ஒரு வாயில் மாடம் போதும். வேலை பாதியாகும். அதைவிட முக்கியம், உள்முற்றத்தில் இருக்கிற வீரர்களை எடுக்கக் கை போகும். நான்கு புறமும் மூடிய கோட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், முழங்கை பட்டு இரண்டு வீரர்களாவது சாய்வார்கள்.

அப்புறம் துண்டு துண்டாகக் கட்டுவதுதான் சரி. ஒரே பலகையில் முழுக் கோட்டையை ஒட்டினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் கதவு வழியே தூக்கிப்போக முடியாது, ஒவ்வோர் ஆட்டமும் அதே ஆட்டமாகவும் இருக்கும்.

யாருடைய கோட்டை?

மாயக் கோட்டை என்றதும் மண்டை ஓடு, டிராகன் சிலை, பச்சை நெருப்பு, கூரான ஊசிக் கோபுரம் என்று எல்லாவற்றையும் ஒரே மதிலில் திணிக்கத் தோன்றும். ஓர் இனத்தையும் ஒரு வடிவத்தையும் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். குள்ளர்களுக்கு என்றால் சதுரமும் சரிந்த மூலைகளும், தடித்த பெரிய கற்கள், உயரத்தைவிட அகலம் அதிகம். எல்ஃப்கள் என்கிற மாயக்கதை வனவாசிகளுக்குக் கூர்வளைவுகள், ஒல்லியான உயரம், கல் இணைப்பே தெரியாத வழுவழுப்பு. ஓர்க்குகள் என்கிற முரட்டு அரக்கர்களுக்கு எந்த விதியும் இல்லை, மரக்கட்டையும் துருப்பிடித்த தகடும் கோணல்மாணலாக. முதல் முறை கட்டுகிறவர்கள் குள்ளர் கோட்டையோ பாழடைந்த மனிதர் கோட்டையோ எடுப்பது புத்திசாலித்தனம். எல்ஃப் கோட்டையில் ஒரு மி.மீ. பிசகினாலும் கண்ணில் குத்தும். ஓர்க் கோட்டையில் பிசகு என்பதே கிடையாது, ஆனால் மனிதக் கைக்குக் கோணலாகக் கட்டுவதும் லேசில் வராத வித்தை.

கீழே நான் விவரிப்பது மனிதர், குள்ளர் இருவருக்கும் பொருந்துகிற எண்கோணக் கோபுரங்கள் கொண்ட கோட்டை.

பொருட்கள்

முக்கியமானது எக்ஸ்பிஎஸ் ஃபோம். கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடுகிற, நீலமோ இளஞ்சிவப்போ மஞ்சளோ நிறத்தில் வருகிற அடர்த்தியான பலகை. சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் அல்ல. தெர்மாகோல் மணி மணியாக உதிரும், கல் கீற முடியாது. 20 மி.மீ. கனத்தில் 120க்கு 60 செ.மீ. பலகை இரண்டும், 10 மி.மீ. கனத்தில் ஒன்றும் இருந்தால் மேலே சொன்ன மொத்தக் கோட்டைக்கும் போதும், தப்புக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

மற்றவை: உடைத்து உடைத்துப் பயன்படுத்துகிற பிளேடு கொண்ட கத்தியும் நிறைய மாற்றுப் பிளேடும், இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், பிவிஏ என்கிற வெள்ளை மரப்பசை, குறைந்த சூட்டில் வேலை செய்கிற குளூ கன், மூங்கில் குச்சிகள், மெல்லிய அட்டை, ஐஸ் குச்சி அல்லது பால்சா மரம், அலுமினியத் தாள், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, மலிவான அக்ரிலிக் வண்ணங்கள். சூடான கம்பியால் வெட்டுகிற ஹாட் வயர் கட்டர் இருந்தால் வேலை வேகமாக நடக்கும், இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. ஒன்று மட்டும் கவனம். அது ஃபோமை உருக்கித்தான் வெட்டுகிறது, அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து வெட்டுங்கள். ஃபோமைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள்.

முதலில் அட்டைக் கோட்டை

பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, டேப் ஒட்டி, ஒரு மதில் துண்டும் ஒரு கோபுரமும் முழு அளவில் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. அதன்மேல் மினியேச்சர்களை நிறுத்துங்கள், ஏணியைச் சாத்துங்கள், குனிந்து வீரனின் கண்மட்டத்தில் பாருங்கள், ஞாயில்களுக்கு இடையே எதிரி தெரிகிறானா என்று. இந்த அட்டைக் கோட்டையைச் செய்யாமல் நேராக ஃபோமுக்குப் போனவர்களில் நானும் ஒருவன், பலன் மேலே சொன்ன தற்கொலைப் படை.

ஞாயில் என்று சொன்னேன் அல்லவா, மதில் உச்சியில் பல் வரிசை போல நிற்கும் கட்டைகளைத்தான். மதில் மேல் வீரர்கள் மறைந்து நின்று அம்பு எய்கிற உறுப்புக்குப் பழந்தமிழில் இருக்கிற பெயர். இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது வேறு எதற்கு?

மதில் துண்டு

ஒரு துண்டின் நீளம் 300 மி.மீ. 20 மி.மீ. ஃபோமில் 300க்கு 110 அளவில் இரண்டு பலகைகள் வெட்டுங்கள், ஒன்று வெளிமுகம், ஒன்று உள்முகம். நடுவில் 32 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் நான்கு குறுக்குத் துண்டுகள் வைத்து ஒட்டினால் 72 மி.மீ. தடிமனில் உள்ளே வெற்றான மதில் கிடைக்கும். மேலே 10 மி.மீ. பலகையை மூடியாகப் போடுங்கள், மொத்த உயரம் 120 மி.மீ. அந்த மூடியின் விளிம்பே கடைசிக் கல்வரிசையாகிவிடும், இணைப்புக் கோட்டை மறைக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

வெளி விளிம்பில் 10 மி.மீ. தடிமனில் கைப்பிடிச் சுவர். அது போக நடைபாதைக்கு 62 மி.மீ. மிஞ்சும். இரண்டு 25 மி.மீ. பேஸ்கள் முன்னும் பின்னுமாக நிற்கலாம், அல்லது 60 மி.மீ. பேஸில் நிற்கிற ஒரு பூதம் தனியாக நிற்கலாம். உங்கள் தாளில் எழுதிய எண்ணை இந்த 62க்குள் போட்டுப் பாருங்கள். உங்களிடம் எல்லாமே 32 மி.மீ. என்றால், இரண்டு வரிசை நிறுத்த 64 வேண்டும். நடு இடைவெளியை 36 ஆக்கிவிடுங்கள், மதில் 76 ஆகும், கோபுரப் பக்கமும் அதற்கேற்ப மாறும்.

கைப்பிடிச் சுவரின் கணக்குதான் எனக்குப் பிடித்தது. தாழ்ந்த பகுதி 12 மி.மீ. உயரம், ஞாயில் 28 மி.மீ. உயரம். தாழ்ந்த இடத்தில் வீரனின் இடுப்புக்கு மேலே தெரியும், ஞாயிலின் பின்னால் நின்றால் தலை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். எதிரி தெரிகிறானா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்கிற ஆட்டங்களில் இந்த வித்தியாசம்தான் வாதத்தைக் குறைக்கும். அகலம், ஞாயில் 32, இடைவெளி 28. துண்டின் இரண்டு முனைகளிலும் 16 மி.மீ. அரை ஞாயில் வையுங்கள். நடுவில் நான்கு முழு ஞாயில்கள், ஐந்து இடைவெளிகள், கூட்டினால் சரியாக 300. இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரையும் அரையும் சேர்ந்து முழு ஞாயில் ஆகிவிடும், இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மதிலின் அடியை வெளிப்பக்கம் சாய்வாக அகலப்படுத்துவது நிஜக் கோட்டைகளில் உண்டு. அடியில் குடைந்து சரிப்பது கடினமாகும், மேலிருந்து போடும் கல் சரிவில் பட்டு எதிரிகள் மேல் தெறிக்கும். மாதிரியிலும் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் சரிவில் மினியேச்சர் நிற்காது, மதிலைத் தொட்டால்தான் ஏறலாம் என்கிற விதி இருந்தால் யாருமே தொட முடியாது. அதனால் சரிவை 8 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டாதீர்கள். அதே காரணத்துக்காக வெளிப்பக்கம் புல்லும் புதருமாக அகலமான அடிப்பலகையும் வேண்டாம். ஏணிகளை 145 மி.மீ. நீளத்தில் செய்தால் லேசான சாய்வில் சாத்தி கைப்பிடிச் சுவரின் தாழ்ந்த பகுதிக்கு மேலே எட்டும்.

நான்கு துண்டுகளில் ஒன்றை இடிந்த துண்டாகவும் செய்துவையுங்கள், அதாவது ஐந்தாவதாக. கவண்கல் பட்டு மதில் விழுந்ததும் முழுத் துண்டை எடுத்துவிட்டு அதே 300 மி.மீ. இடிந்த துண்டைப் பொருத்தும் தருணம் இருக்கிறதே, அதற்காகவே கட்டலாம். இடிபாட்டுக் கற்களுக்கு வெட்டியதில் விழுந்த ஃபோம் துணுக்குகள் போதும், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வெட்டும் விதம் பற்றி இரண்டு வரி. கத்தியைப் படுத்தாற்போல் பிடித்து மூன்று நான்கு இழுப்பில் வெட்டுங்கள், ஒரே அழுத்தில் அல்ல. வெட்டு பிசிறடிக்க ஆரம்பித்ததும் பிளேடு நுனியை உடைத்துவிடுங்கள். பிளேடில் மிச்சம் பிடிப்பவர்கள் ஃபோமில் இழப்பார்கள்.

ஒட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. அகலமான இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவில் வெள்ளைப் பசை தடவினால் உள்ளே காற்றே போகாது, நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பசையை விளிம்புகளில் தடவி, மூங்கில் குச்சியைக் குறுக்கே குத்தி ஆணி போல இறுக்கிவிடுங்கள். அவசரமான இடத்தில் குளூ கன். அதிகச் சூட்டுக் குளூ கன் ஃபோமைக் குழித்துவிடும், சூப்பர் குளூவும் அரிக்கும்.

எண்கோணக் கோபுரம்

வட்டக் கோபுரம் அழகுதான், ஆனால் மதில் போய் முட்டுகிற இடத்தில் வளைவுக்கு ஏற்ப வெட்ட வேண்டும், கல்வரிசை கீறும்போது ஸ்கேல் வழுக்கும். எண்கோணம் தூரத்திலிருந்து வட்டம் போலவே தெரியும், வெட்டுவதெல்லாம் நேர்க்கோடு.

எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 180 மி.மீ. வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 74.6 மி.மீ. வரும். நம் மதில் 72 மி.மீ. தடிமன், அந்தப் பக்கத்தில் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். 74.6 மி.மீ. அகலம், 180 மி.மீ. உயரத்தில் எட்டுப் பலகைகள், இரண்டு நீள விளிம்புகளும் 22.5 பாகைச் சாய்வில். வெளிமுகம் மேலே இருக்கும்படி எட்டையும் வரிசையாக அடுக்கி, அதன்மேல் டேப் ஒட்டித் திருப்பி, சாய்வுகளில் பசை தடவிச் சுருட்டினால் தானாகவே எண்கோணமாக மூடிக்கொள்ளும். இந்த ஒரு இடத்தில் கிடைக்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. சாய்வாக வெட்ட வரவில்லை என்றால், 20 மி.மீ. பலகையில் 180 மி.மீ. சதுரங்களின் நான்கு மூலைகளிலும் 52.7 மி.மீ. வெட்டியெடுத்து எண்கோணத் தட்டுகளாக்கி, ஒன்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஃபோம் நிறையச் செலவாகும், கூடுதலாக இரண்டு பலகை வாங்க வேண்டியிருக்கும், ஆனால் தட்டுகளின் இணைப்புக் கோடுகளே கல்வரிசைக் கோடுகளாகிவிடும்.

மேலே 10 மி.மீ. தளம், அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரும் ஞாயிலும். தளத்தை வெளியே 8 மி.மீ. நீட்டி அதன் அடியில் சின்னச் சின்ன ஃபோம் கட்டைகளைத் தாங்கிகளாக ஒட்டினால் கோபுரத்துக்குத் தலை வந்துவிடும், கீழே நிழல் விழும். நிஜக் கோட்டைகளில் இப்படி வெளியே நீண்ட தளத்தின் அடியில் துளை விட்டு, அதன் வழியாகக் கீழே நிற்பவர்கள் தலையில் கல்லைப் போடுவார்கள். மூன்று கோபுரங்களில் ஒன்றுக்கு மட்டும் கூரை போடுங்கள், மற்ற இரண்டும் திறந்த தளம். வீரர்களை நிறுத்த இடம் வேண்டாமா.

கூரைக்குக் கணக்கு: தடித்த அட்டையில் அடி 80 மி.மீ., நடுக்கோட்டு உயரம் 178 மி.மீ. உள்ள எட்டு முக்கோணங்கள். சேர்த்து மடித்தால் 150 மி.மீ. உயரமுள்ள கூர்நுனிக் கூரை. இதை ஒட்ட வேண்டாம், எடுத்து வைக்கிற மாதிரி இருக்கட்டும். ஓடுகளுக்கு மெல்லிய அட்டையை 10 மி.மீ. பட்டைகளாக வெட்டி, கீழ்விளிம்பில் 8 மி.மீ. இடைவெளியில் சிறு வெட்டுகள் போட்டு, கூரையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறு ஒட்டுங்கள். மேலிருந்து கீழே ஒட்டினால் மழை உள்ளே போகும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், ஏன் என்று தெரியாது.

நடைபாதையிலிருந்து கோபுரத்துக்குள் போக ஒரு கதவு, 34 மி.மீ. அகலம், 42 உயரம். அம்புத் துளைகள் 3 மி.மீ. அகலம், 25 உயரம், பக்கத்துக்கு ஒன்று. அவற்றின் உட்புறம் கறுப்பாக இருந்தால் போதும்.

வாயில்

கோட்டையிலேயே எல்லோர் கண்ணும் போகிற இடம் இது, எனவே நேரத்தை இங்கே கொட்டுங்கள். 200 மி.மீ. அகலம், 120 ஆழம், 160 உயரத்தில் பெட்டி, நடுவில் 80 அகலம், 85 உயரமுள்ள வளைவு வழி. குதிரைவீரனும் நடுத்தரப் பூதமும் இதில் நுழைவார்கள். வளைவின் விளிம்பில் ஆப்பு வடிவக் கற்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள், உச்சியில் நடுக்கல்லைச் சற்றுப் பெரிதாக. மாயம் காட்ட வேண்டிய இடமும் இதுதான். நடுக்கல்லில் ஒரு முகமோ, வளைவு முழுக்க மந்திர எழுத்துகளோ, ஏதாவது ஒன்று. மந்திர எழுத்துகளைப் பேனாவால் ஆழமாக அழுத்தி எழுதிவிட்டு, எல்லா வண்ணமும் முடிந்தபின் குழிக்குள் மட்டும் வெள்ளையும், காய்ந்ததும் அதன்மேல் நீர்த்த நீலமோ பச்சையோ விட்டால் ஒளிர்கிற மாதிரி இருக்கும்.

இரும்புக் கிராதிக் கதவை மூங்கில் குச்சியைப் பிளந்து கட்டம் கட்டமாக ஒட்டலாம், கீழ்நுனிகளைச் சீவிக் கூராக்குங்கள். வாயிலின் இரு பக்கமும் காடி விட்டால் மேலிருந்து இறக்கலாம், ஏற்றலாம். மரக்கதவை ஐஸ் குச்சியில் செய்யும்போது கம்பி பிரஷால் ஒருமுறை நீளவாக்கில் இழுத்தால் மரத்தின் ரேகை எழும்பும். கதவும் ஒட்டப்படாமல், கழற்றக் கூடியதாக இருக்கட்டும். உடையாத கதவை வைத்துக்கொண்டு முற்றுகை ஆடுவதில் என்ன சுவை.

காந்தம் வைக்கலாமா என்று கேட்பார்கள். மதிலுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் எனக்குத் தேவைப்பட்டதில்லை, எடையே பிடித்துக்கொள்கிறது. வைப்பதாக இருந்தால் 6 மி.மீ. வட்டக் காந்தத்தை நேராக ஃபோமில் பதிக்காதீர்கள், இழுக்கும்போது ஃபோமைப் பிய்த்துக்கொண்டு வரும். தடித்த அட்டையில் எபாக்சிப் பசையால் ஒட்டி, அந்த அட்டையை ஃபோமில் ஒட்டுங்கள். எந்தத் துருவம் வெளியே என்று ஒவ்வொன்றிலும் மார்க்கரால் குறியுங்கள்.

கல் கீறுதல்

பலகையின் மேல் பளபளப்பான தோல் போல இருந்தால் முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் ஒட்டாது. பிறகு 10 மி.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகள். கோடு மூலையில் நிற்கக் கூடாது, திரும்பி அடுத்த முகத்திலும் அதே உயரத்தில் தொடர வேண்டும். மதில் துண்டுகள் எல்லாவற்றிலும், கோபுரத்திலும் ஒரே உயரத்தில். செங்குத்துக் கோடுகளை 15 முதல் 30 மி.மீ. வரை மனம்போன இடைவெளியில் போடுங்கள், ஆனால் மேல் வரிசைக் கோட்டுக்கு நேர் கீழே இன்னொரு கோடு வரவே கூடாது. கல் கட்டுமானம் தெரிந்தவர் பார்த்தால் முதலில் சிரிப்பது அதற்குத்தான்.

கத்தியால் ஒரு மி.மீ. ஆழம் கீறி, மை தீர்ந்த பேனாவால் அந்தக் கீறலை அகலப்படுத்துங்கள். பேனாவை மட்டும் வைத்து அழுத்தினால் ஃபோம் சில சமயம் கிழியும். அப்புறம் அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி மதில் முழுக்க உருட்டுங்கள், அரை நிமிடத்தில் ஃபோம் கல்லாகிவிடும். அங்கங்கே சில கற்களைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துங்கள், சில மூலைகளைக் கிள்ளி எறியுங்கள். வாயில் வளைவையும் மூலைகளையும் அதிகமாகச் சிதைக்காதீர்கள், அங்கே கற்கள் பெரிதாகவும் ஒழுங்காகவும் இருந்தால்தான் மற்ற இடத்துச் சிதைவு இயல்பாகத் தெரியும். உள்முகத்தில் இவ்வளவு பாடு வேண்டாம்.

பூச்சு

ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைத் தூர வையுங்கள். அதிலிருக்கிற கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். "மேலே பசை பூசிவிட்டேன், ஒன்றும் ஆகாது" என்று நினைத்து நானும் அடித்தேன். பூச்சு விடுபட்டிருந்த ஊசிமுனைத் துளை வழியே உள்ளே போய், பத்து நிமிடத்தில் மதிலுக்கு அம்மை போட்டது. அந்தத் துண்டுக்குத் துருத் தகடு ஒட்டி ஓர்க் கோட்டைக்குக் கொடுத்துவிட்டேன், அங்கே அது மிகவும் பாராட்டப்படுகிறது.

பிவிஏ பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு தடவை பூசுங்கள், ஒன்று காய்ந்தபின் இன்னொன்று. இதுதான் கவசம், இதுதான் அடிவண்ணமும். கனமாகப் பூசினால் நீங்கள் கீறிய கோடுகள் அடைபடும். கீழே எம்டிஎஃப் என்கிற மரநார்ப் பலகை ஒட்டியிருந்தால் அதன் அடிப்பக்கத்திலும் இதையே பூசுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் பலகை வளைந்து மதில் ஊஞ்சல் ஆடும்.

கறுப்பு காய்ந்ததும், பழுப்பு கலந்த அடர் சாம்பலைப் பெரிய பிரஷில் தாராளமாக, ஆனால் கோடுகளுக்குள் இறங்காமல் தேயுங்கள். அது காயுமுன் ஆறு ஏழு கற்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சிலவற்றுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள், ஒன்றுக்கு மண்பழுப்பு, ஒன்றுக்கு நீலச்சாம்பல், ஒன்றுக்குப் பாசி பச்சை. பார்க்கக் கோமாளிச் சட்டை போல இருக்கும், பயப்படாதீர்கள். அடுத்து நடுத்தரச் சாம்பலை டிரை பிரஷ் செய்யும்போது எல்லாம் அடங்கிவிடும். டிரை பிரஷ் என்றால் பிரஷில் வண்ணம் தொட்டு, காகிதத்தில் துடைத்து துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது கல்லின் மேல் தேய்ப்பது. பிரஷில் ஈரம் இருக்கவே கூடாது. அதற்கு மேல் வாஷ், அதாவது தண்ணீராக நீர்த்த கறும்பழுப்பு வண்ணம், அது முழுக்கக் காய்ந்தபின் கடைசியாக வெளிர் எலும்பு நிறத்தை மேல்விளிம்புகளில் மட்டும் லேசாக.

வயதைக் காட்டுவது தண்ணீர்தான். மழைத்தண்ணீர் ஞாயில் இடைவெளிகளிலிருந்து எப்படி வழியும் என்று யோசித்து, அங்கிருந்து கீழ்நோக்கி மெல்லிய கறுப்பு, பச்சைத் தாரைகள் விடுங்கள். மதிலின் அடி 20 மி.மீ. உயரத்துக்குப் பச்சையும் மண்ணும். வாயில் வளைவின் உள் மேற்புறத்தில் தீவட்டிக் கரி. இரும்புக்குக் கறுப்பின் மேல் வெள்ளி டிரை பிரஷ், பிறகு ஆணிகளின் அடியில் ஸ்பாஞ்சால் ஒற்றிய ஆரஞ்சு. நடைபாதையின் நடுப்பகுதி சற்று வெளிறியிருக்கட்டும், ஆள் நடந்து தேய்ந்த கல்.

எல்லாம் ஆனபின் நீரில் கரையும், பளபளக்காத மேட் வார்னிஷைப் பிரஷால் பூசுங்கள். ஞாயில் மூலைகளுக்கு மட்டும் இன்னொரு கை. விரல் அங்கேதான் படும், வண்ணம் முதலில் அங்கேதான் உதிரும்.

முதல் ஆட்டத்துக்கு முன்

மேசையில் அடுக்கியதும் எதிராளியுடன் உட்கார்ந்து நான்கு விஷயம் பேசிவிடுங்கள்: மதில் ஏற எத்தனை அங்குல நகர்வு செலவாகும், ஞாயிலுக்குப் பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு மறைப்பு, கதவை உடைக்க எத்தனை தாக்குதல் வேண்டும், கோபுரத்துக்குள் எத்தனை பேர். அம்பு விட்டபின் இதைப் பேசினால் சண்டை மேசைக்கு வெளியே நடக்கும்.

எடுத்துவைக்கும்போது மதில் துண்டுகளை ஞாயில் மேலே பார்த்தபடி பெட்டியில் நிறுத்துங்கள், படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பதன் பற்கள் நசுங்கும். கூரையைக் கழற்றித் தனியே வையுங்கள். வெட்டி மிஞ்சிய ஃபோம், கலந்து வைத்த அந்தக் கறுப்புப் பசை, பெயர் எழுதிய வண்ணப் புட்டிகள் மூன்றையும் அதே பெட்டியில் போடுங்கள், ஏனென்றால் இரண்டாவது ஆட்டத்திலேயே யாராவது ஒருவருடைய முழங்கை ஒரு ஞாயிலைப் பெயர்த்துவிடும்.